தோல் டாக்டரிடம் போக எனக்கு 14 மாதம் ஆயிற்று

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 1789-ஆம் ஆண்டுப் புரட்சி பெருக்கல் வாய்பாடு மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பாடத்தில் ஒரு படம் உண்டு. குளியல் தொட்டியில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். தலையில் வெள்ளைத் துணிக்கட்டு. ஒரு கையில் கடிதம், தரையில் தொங்கும் இன்னொரு கையில் இறகுப் பேனா. அவர் பெயர் மரா. டாக்டர், பத்திரிகைக்காரர், புரட்சித் தலைவர்களில் ஒருவர். 1793 ஜூலை 13 அன்று ஷார்லோத் கொர்தே என்ற இளம்பெண் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றாள். அவருடைய நண்பர் தாவீத் அதே ஆண்டில் அந்தப் படத்தை வரைந்தார்.

வகுப்பில் ஒருவன் எழுந்து, "முசியே, இவர் ஏன் தொட்டியில உட்கார்ந்துகிட்டு கடிதம் எழுதுறார்?" என்று கேட்டான். தோல் வியாதி, அரிப்புத் தாங்காமல் நாள் முழுக்கத் தண்ணீரில் உட்கார்ந்தே வேலை பார்த்தார் என்று ஆசிரியர் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "படத்தில் தோலைப் பாருங்கள். எங்கேயாவது ஒரு புண் தெரிகிறதா?" என்றார். குனிந்து பார்த்தோம். கத்திக் காயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, பளிங்கு மாதிரி தோல். "வரைந்தவர் நண்பர். அதனால் வியாதியை மறைத்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

இந்தக் கதை எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது என்னுடைய 69-ஆம் வயதில்.

முதலில் வந்தது நகத்தில். வலது கை ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். பிறகு மோதிர விரலில், அப்புறம் இடது கையிலும். நகத்தின் அடியில் எண்ணெய் சொட்டியதுபோல ஒரு மஞ்சள் கறை. வயசானால் நகமும் தேயும் என்று விட்டுவிட்டேன். அடுத்தது தலை. வெள்ளைச் சட்டை போட்டால் தெரியவில்லை, நீலச் சட்டை போட்டால் தோள் முழுக்கத் தவிடு கொட்டியதுபோல இருந்தது. பொடுகு என்று ஷாம்பு மாற்றினேன். காதுக்குப் பின்னால் முடி கொஞ்சம் உதிர்ந்தது. இருக்கிறதே பத்து முடி, போனால் போகட்டும் என்றேன். கடைசியில் இரண்டு முழங்கையிலும் சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளிப் பொடிபோலச் செதில்.

பக்கத்து வீட்டு அம்மா வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறமானதும் வடிகட்டிக் கொடுத்தார். தடவினேன், வறட்சி குறைந்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஒரு களிம்பு வாங்கினேன். பத்து நாளில் எல்லாம் மறைந்தது. நிறுத்திய மூன்றாம் வாரம் முன்பைவிட அகலமாகத் திரும்பி வந்தது.

என் மனைவி நாள் தவறாமல் சொன்னாள், "ஒரு தோல் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க." நான் சர்க்கரைக்குப் போனேன், கண்ணுக்குப் போனேன், பல்லுக்குக்கூடப் போனேன். தோலுக்குப் போகவில்லை. 14 மாதம். எதிலும் காலதாமதம் செய்யாத குமாஸ்தா என்று பெயர் எடுத்தவன் நான். அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை என் மனைவியிடம்கூட அப்போது சொல்லவில்லை.

1979-ஆம் ஆண்டு. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகம். ரெக்கார்டு ரூமில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், எல்லோரும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். எந்த வருடத்து ஃபைல் எந்த அலமாரியில் என்று விளக்குப் போடாமலே எடுத்துத் தருவார். அவருடைய முழங்கையிலும் புறங்கையிலும் தடிப்பு வந்தது. நகங்கள் சொரசொரப்பாகிப் பழுப்பேறின. அவர் கொடுக்கும் ஃபைலின் மேல் செதில் உதிர்ந்திருக்கும். ஒருநாள் யாரோ மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்கள். "குஷ்டம்."

டீ செலவுக் கணக்கு என்னிடம் இருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கி வைப்பேன். டம்ளர்களும் என் மேசைக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, அடையாளத்துக்கு அதன் அடியில் கவர் ஒட்டும் சிவப்பு அரக்கை உருக்கி ஒரு பொட்டு வைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துக் கவிழ்க்கும்போது அந்தப் பொட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். அப்புறம் டீயே வேண்டாம் என்றார். ஆறு வருடம் கழித்து வேறு அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.

இப்போது என் முழங்கையில் அதே தடிப்பு, அதே செதில், அதே நகம். டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பயந்துதான் 14 மாதம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் பயத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருட வயது உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவில் 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், தொழுநோயாளிகளுக்குத் தனிக் கோயில், தனிக் கல்லறை என்று விதி வகுத்தது. அவர்கள் வருவது தெரியக் கையில் ஒரு மரக் கிலுகிலுப்பை வைத்து ஆட்ட வேண்டும். பிரான்சில் 1321-இல், கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று பழி போட்டு அவர்களில் பலரை உயிரோடு எரித்தார்கள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், யாருக்கு உண்மையில் தொழுநோய் என்று அன்று யாருக்கும் தெரியாது. செதில் உதிர்ந்தால் போதும். வேறு தோல் வியாதி உள்ளவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பார்கள் என்றே மருத்துவ வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

தோலுக்கென்று தனியாக ஒரு மருத்துவம் உருவான கதையில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. மன்னன் நான்காம் ஹென்றி 1607-இல் கொள்ளைநோய்க்காரர்களை ஒதுக்கி வைக்க ஊருக்கு வெளியே மதில் வைத்துக் கட்டியது அது. 1801-இல் அதைத் தோல் நோய்களுக்கான மருத்துவமனையாக மாற்றினார்கள். அங்கே வந்த ஆலிபேர் என்ற டாக்டர், முற்றத்து மரங்களின் நிழலில் நோயாளிகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். 1829-இல் தோல் நோய்களை எல்லாம் ஒரு மரமாக வரைந்து, கிளைக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக் காட்டினார். ஃபைல்களைப் பிரித்து அடுக்குகிற வேலையை 37 வருடம் செய்தவன் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. அவர் அடுக்கிய முறை நிலைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கக் கூடாது என்ற எண்ணம் நிலைத்தது.

அதே மருத்துவமனைக்குப் பிறகு பாரெத்தா என்பவர் வந்தார். டாக்டர் அல்ல, காகிதக் கூழில் பொம்மைப் பழங்கள் செய்து விற்றவர். அவர் கைத்திறனைப் பார்த்த ஒரு டாக்டர் அழைத்துவந்து, நோயாளிகளின் தோலை அச்சு எடுத்து மெழுகில் வார்க்கச் சொன்னார். புகைப்படம் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில் சிவப்பும் செதிலும் அப்படியே தெரியும் மெழுகுக் கைகள், மெழுகு முகங்கள், மெழுகு நகங்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தவற்றையும் சேர்த்து 4,000-க்கு மேல் அங்கே இருக்கின்றன. 1889-இல் அந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தாவீத் மறைத்ததை இவர் கண்முன் வைத்தார். எந்தத் தடிப்பு எந்த வியாதி என்று இளம் டாக்டர்கள் பார்த்துப் பழகினார்கள்.

என் முழங்கைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர் வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா. 1841-இல் அவர்தான் சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று தெளிவாகப் பிரித்தார். அதுவரை டாக்டர்களின் புத்தகங்களிலேயே இரண்டுக்கும் பெயர் குழம்பிக் கிடந்தது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன், தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டார். சொரியாசிஸில் கிருமியே இல்லை. ஆக, விஷயம் தீர்ந்து 100 ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் நான் அரக்கை உருக்கினேன்.

பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-இல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழுநோய் கண்ட ஏழையைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். அறிவிக்கப்பட்ட இடங்களில் அவர்கள் உணவு தயாரித்து விற்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கியது 2016-இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள் போனது 2019-இல். 1981-லேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்துவிட்டது. மருந்து தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே நோய் அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். சட்டம் அதற்குப் பிறகும் 35 வருடம் புத்தகத்தில் இருந்தது.

நம் ஊர் ஆஸ்பத்திரி போர்டையும் சொல்ல வேண்டும். தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் ஒரே துறை. டாக்டர்கள் படிக்கும் மேற்படிப்பின் பெயரிலும் இன்றுவரை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. மூன்றுமே தோலில் முகம் காட்டுவதால் டாக்டர்களுக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாசலில் நிற்பவருக்கு? பொடுகுக்கு வந்தவரையும் தெரிந்தவர் பார்த்தால் மேலும் கீழும் பார்ப்பார். என் தலைமுறையில் பாதிப் பேர் அந்தப் போர்டுக்குப் பயந்தே கடைக் களிம்பில் காலம் தள்ளினோம்.

கடைசியில் என் மகள் டோக்கன் போட்டு, ஆட்டோவையும் வரவழைத்துவிட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட வயது குறைவு. முழங்கையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "கையைக் கொடுங்க ஐயா" என்று நகத்தை எடுத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லித் தொப்புளைப் பார்த்தார். காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், கால் நகம் எல்லாம் பார்த்தார். நான் மூன்று வியாதி என்று நினைத்தது ஒரே வியாதி. நகமும் முடியும் தோலிலிருந்தே முளைப்பவை. நகத்தில் விழும் குழியைத் தையல்காரர் விரலில் மாட்டும் உறைக்கு ஒப்பிடுவார்களாம். எங்கள் பிரெஞ்சிலும் 'தே ஆ கூத்ர்' என்று அதைத்தான் சொல்வோம். என் அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த பித்தளை உறை கண்முன் வந்தது.

"டாக்டர், இது... அது இல்லையே?" என்றேன். வார்த்தை வாயில் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டு எங்கே என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேன். "உணர்ச்சி நல்லா இருக்கு. இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. அதுவா இருந்திருந்தாலும் மாத்திரை இலவசமாத் தந்து குணப்படுத்தி அனுப்பியிருப்பேன். அதுக்கும் பயப்படக் கூடாது ஐயா" என்றார். பூஞ்சையும் இருக்கிறதா என்று பார்க்க நகத் துணுக்கு ஒன்றை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை என்று வந்தது.

அவர் விளக்கியதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிரச் சுமார் ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாளிலேயே வந்துவிடுகிறது. ஒரு மாதத்துத் தபாலை ஒரே வாரத்தில் மேசையில் கொட்டினால் எப்படிக் குவியும், அதுதான் செதில்.

பிறகு, "காலையில விரல் மடக்க வருதா?" என்று கேட்டார். மடக்கக் கொஞ்ச நேரம் ஆகும், வயசு என்று இருந்தேன். நகத்தில் சொரியாசிஸ் வந்தவர்களுக்கு மூட்டிலும் வர வாய்ப்பு அதிகமாம், கவனிக்காவிட்டால் விரல் கோணிப் போகுமாம். 14 மாதத் தாமதத்தின் விலை அப்போதுதான் உறைத்தது. என் வலது சுண்டு விரல் இன்றும் முழுதாக நிமிராது.

மூட்டுக்காக அவர் எழுதிய மாத்திரை மெதோட்ரெக்சேட். அதன் கதையைத் தேடிப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் 1940-களில் ஒரு மருந்து நிறுவனத்தில் உருவான குடும்பத்து மருந்து அது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்காகத் தேடியது. சுப்பாராவ் 1948-இல் இறந்தார். 1951-இல் நியூயார்க்கில் மூட்டுவாதத்துக்கு அதே குடும்பத்து மருந்தைக் கொடுத்துப் பார்த்த டாக்டர், நோயாளி ஒருவரின் சொரியாசிஸ் தடிப்பு மறைவதைக் கவனித்தார். சென்னையில் படித்தவரின் உழைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து என் விரலுக்கு வந்து சேர்ந்தது. ஒன்று மட்டும் என் வயது நண்பர்களுக்கு: அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். மறந்து தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நான் காலண்டரில் ஞாயிறுதோறும் கையெழுத்துப் போடுகிறேன். இரத்தப் பரிசோதனையும் தவறாமல் உண்டு.

தோல் ஓரளவு அடங்கியது. நகம் மெதுவாகத்தான் தேறுகிறது, ஒரு கை நகம் முழுதாக வளரவே ஆறு மாதம் பிடிக்கும். ஆனால் மனசில் ஒன்று அடங்கவில்லை. ரெக்கார்டு ரூம் அண்ணன்.

விசாரித்துப் போனேன். 86 வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு, "வாடா தம்பி" என்றார். சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினேன். சிரித்தார். "உனக்குமா?" தன் நகத்தையும் காட்டினார். அதே குழிகள்.

"அண்ணே, அந்த டம்ளர்ல அரக்கு வச்சது நான்தான்."

"தெரியும். அரக்கு உன் மேசையிலதானே இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "எனக்கு என்ன வியாதின்னு அப்பவே தெரியும்டா. பெரியாஸ்பத்திரியில பார்த்து, தொத்தாதுன்னு எழுதி, சீல் போட்டுக் கொடுத்தாங்க. ஆறு வருஷமும் சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

"ஏன் அண்ணே காட்டல?"

"சர்டிபிகேட் காட்டித்தான் டீ குடிக்கணும்னா அந்த டீ எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்."

காகிதம் இல்லாமல் எதையும் நம்பாத குமாஸ்தாக்கள் நாங்கள். அவரிடம் காகிதம் இருந்தது. ஆறு வருடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளியில் படித்தபோது ஜனவரி கடைசியில் எங்கள் வகுப்பில் உண்டியல் சுற்றும். ராவுல் ஃபோலெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1954-இல் தொடங்கிய உலகத் தொழுநோய் தினத்துக்காக. காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30-இல் நம் நாடு அதைக் கடைப்பிடிக்கிறது. எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் நோயாளிக்காக நான் என் நாலணாவைப் போட்டிருக்கிறேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மனிதருக்கு அரக்கு வைத்தேன். அவருக்கு இருந்தது தொழுநோய் இல்லை என்பது எனக்கு ஒரு சமாதானம் ஆகாது. இருந்திருந்தாலும் நான் செய்தது தவறுதான்.

நண்பர்களே, நகம் நிறம் மாறினால், முடி திட்டாக உதிர்ந்தால், தோலில் செதிலோ உணர்ச்சியற்ற தேமலோ தெரிந்தால், தயவுசெய்து தோல் டாக்டரிடம் போங்கள். நகச்சாயம், மருதாணி போடாமல் போங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கித் தடவிய களிம்பையும் கையோடு எடுத்துப் போங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகள்கூடச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் எல்லா இடத்தையும் காட்டுங்கள்.

அன்று அண்ணன் வீட்டில் காபி கொடுத்தார்கள். குடித்து முடித்து, டம்ளரை நானே உள்ளே எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமையும் போயிருந்தேன்.